டிராகன் செத்த மறுநாள்

"டிராகனைக் கொல்லப் போகிறவனிடம் சில்லறை கேட்காதீர்கள்" என்று தொடங்குகிறது ஒரு கட்டுரை. ஆரம்பம் என்னவோ ஜோராகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்ததைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ரோல்பிளேயிங் ஆட்டங்களிலிருந்து பணம், வரி, தட்டுப்பாடு மூன்றையும் தூக்கிக் கடாசிவிட வேண்டும் என்பது கட்டுரையாளரின் கட்சி. மாயாஜால உலகில் பொருளாதாரம் பேசுவது அபத்தமாம். ஒரு மந்திரத்தில் பத்துப் பேருக்குச் சாப்பாடு வருகிற இடத்தில் பஞ்சம் எப்படி வரும் என்கிறார். மாதம் முழுக்க ஜிஎஸ்டியும் இஎம்ஐயும் கட்டிக் களைத்தவன் சனிக்கிழமை ராத்திரியும் அதையே கட்ட வேண்டுமா என்று உருகுகிறார். வரி கேட்கிற டிஎம் (ஆட்டத்தை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர்), ப்ளேயர்களைப் பழிவாங்குகிற டிஎம் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். மாற்றாக அவர் தரும் விதி ஒன்றே ஒன்றுதான்: "தேவையான பணம் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்."

வைத்துக்கொள்வோம். கூடவே டிராகனும் செத்துவிட்டதாக வைத்துக்கொண்டால் ஒன்பது மணிக்கே எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேரலாம்.

டோல்கீனின் உலகத்தில் யாராவது கணக்குக் கேட்டார்களா என்று நமக்கே ஒரு கேள்வி போடுகிறார். கேட்டார்கள். 1937-ல் வந்த 'தி ஹாபிட்' கதையின் நாயகன் பில்போ வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே அவன் கைக்கு ஒப்பந்தம் வந்துவிடுகிறது: லாபத்தில் அதிகபட்சம் பதினாலில் ஒரு பங்கு, வழிச்செலவு தனி, செத்துப்போனால் அடக்கச் செலவும் தனி. மொத்தம் 19 அத்தியாயங்கள். ஸ்மாக் என்ற டிராகன் 14-ம் அத்தியாயத்தில் செத்து விழுகிறது. மீதி ஐந்து அத்தியாயங்களில் என்ன நடக்கிறது? பாகப்பிரிவினை. டிராகனை வீழ்த்திய பார்ட், எரிந்துபோன ஊர்க்காரர்களை நிறுத்திக்கொண்டு பன்னிரண்டில் ஒரு பங்கு கேட்கிறான். பில்போவைக் கூட்டிவந்த குள்ளர்களின் தலைவன் தோரின் தர மறுக்கிறான். படைகள் வந்து நிற்கின்றன. கடைசியில் அந்த ஏரியூரின் தலைவன் நிவாரணத்துக்கு வந்த பொன்னைச் சுருட்டிக்கொண்டு ஓடி, பாழ்வெளியில் பட்டினி கிடந்தே சாகிறான். பணம், பங்கு, பசி மூன்றையும் எடுத்துவிட்டால் அந்த நாவல் ஸ்மாக்கோடு சேர்ந்து தண்ணீரில் மூழ்கியிருக்கும். இதையெல்லாம் படிக்காமலே டோல்கீனைச் சாட்சிக்கு இழுத்தாரா, படித்தும் மறந்துவிட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் ஒரு பேட்டியில் டோல்கீனின் மன்னன் அரகார்னின் வரிக்கொள்கை என்ன என்று கேட்டதை நக்கலடிக்க ஒரு முழுப் பத்தி செலவழித்திருக்கிறார். அதே மார்ட்டினின் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலில் ராபர்ட் மன்னனின் கஜானா அறுபது லட்சம் பொற்காசு கடனில் கிடக்கிறது. அதில் பாதி மாமனார் வீட்டுக்கு. அந்த நிலையிலும் மன்னன் 90,000 பொற்காசு பரிசு வைத்துப் போட்டி நடத்துகிறான். அரியணையில் யார் உட்கார்ந்தாலும் கடன்காரன் பின்னாலேயே நிற்கிறான் என்பதுதான் அந்தக் கதையின் பாதி பயம். நக்கலடிப்பதற்கு முன் அந்தப் புத்தகத்தையாவது ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

"இந்த ஆட்டத்தில் தங்கம் வெறும் அலங்காரம்" என்பது அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு. இங்கேதான் நமக்கு ரத்தம் கொதிக்கிறது, ஏனென்றால் இந்த ஆட்டம் தங்கத்தில்தான் பிறந்தது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த முதல் வடிவத்தில், அனுபவப் புள்ளிகளில் பெரும்பங்கு அரக்கனைக் கொன்றதற்காக வரவில்லை. உயிரோடு வெளியே கொண்டுவந்த செல்வத்துக்காக வந்தது. ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. ஆகவே விவரமான ப்ளேயர் அரக்கனிடம் வாளை நீட்ட மாட்டான். அது தூங்குகிற நேரம் பார்த்துப் பெட்டியைக் கிளப்பிக்கொண்டு வருவான். திட்டம் சொதப்பினால்தான் சண்டை. இன்று வாளை உருவுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத கேரக்டர்களைப் பார்க்கும்போது, அந்தப் பழைய திருட்டுப் புத்தியின் அருமை தெரிகிறது.

சரி, கொண்டுவந்த காசு அப்படியே கையில் தங்கினால் அடுத்த வாரம் எவன் குகைக்குள் இறங்குவான்? அதற்காகவே 1979-ன் 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்' நூலில் பிடுங்குவதற்கு வழிமேல் வழி வைத்தார் கைகாக்ஸ். லெவல் ஏறப் பயிற்சி எடுக்க வேண்டும். அதற்கு வாரத்துக்கு 1,500 பொற்காசு, அதையும் லெவலால் பெருக்கிக்கொள்ள வேண்டும். சும்மா உயிரோடு இருப்பதற்கே லெவலுக்கு 100 வீதம் மாதச் செலவு. தீர்வை, சுங்கம், கட்டணம், வரி, கோயிலுக்குத் தரும் தசமபாகம் என்று அடுக்கி ஒரு தனிப் பகுதியும் அதில் உண்டு. விலைவாசி ஏன் இப்படி எகிறிக் கிடக்கிறது என்பதற்கு, முந்தைய ஆண்டின் 'ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்'கிலேயே விளக்கம் இருக்கிறது. அலாஸ்காவில் தங்க வேட்டை நடந்தபோது ஒரு முட்டை ஒரு டாலருக்கு விற்றதை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். புதையலோடு வருகிறவர்கள் நடமாடும் ஊரில் விலை அப்படித்தான் இருக்குமாம். 'அபத்தம்' என்று கட்டுரையாளர் ஒதுக்கித் தள்ளும் பொருளாதாரத்தை, ஆட்டத்தை உருவாக்கியவரே உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தார்.

பிறகு என்ன ஆயிற்று? 1989-ன் இரண்டாம் பதிப்பில் தங்கத்துக்குப் புள்ளி என்பது விருப்ப விதியாகச் சுருங்கியது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு, தங்கத்தை மந்திரப் பொருள் வாங்கும் பணமாக்கி, எந்த லெவலில் எவ்வளவு சொத்து இருக்க வேண்டும் என்று அட்டவணை போட்டது: இரண்டாம் லெவலில் 900 பொற்காசு, இருபதாம் லெவலில் 7,60,000. 2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, மந்திரப் பொருள் கடையில் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் போயிற்று. புதையல் குவியல்கள் மட்டும் போகவில்லை. வடிகாலை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, குழாயை மட்டும் திறந்தே வைத்தார்கள். வீடெல்லாம் தண்ணீர் நின்றால் தண்ணீரே வேண்டாம் என்று சொல்கிறவர் நம் கட்டுரையாளர்.

அந்தக் குவியலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 2014-ன் ஐந்தாம் பதிப்பில் 5 முதல் 10 லெவல் வரையுள்ள குழுவுக்கு ஒரு குவியலில் சராசரியாக 700 செப்புக்காசு, 7,000 வெள்ளிக்காசு, 2,100 பொற்காசு, 105 பிளாட்டினக்காசு. ரத்தினம், மந்திரப் பொருள் எல்லாம் தனி. பொன்னாக மாற்றினால் மொத்தம் 3,857. அதே பதிப்பில் பயிற்சி இல்லாத கூலியாளுக்கு நாள் சம்பளம் 2 வெள்ளி. அதாவது ஒரு கூலியாள் ஒருநாள்கூட ஓய்வில்லாமல், ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் 52 வருஷம் உழைத்துச் சேர்ப்பதை இந்தக் குழு ஒரு மாலையில் அள்ளிக்கொண்டு வருகிறது. இப்படி 18 குவியல் அந்த லெவல்களுக்குள் வரும் என்கிறது விதிநூலின் கணக்கு. ஐம்பது காசுக்கு ஒரு பவுண்டு என்பதால் ஒரு குவியலின் எடை சுமார் 90 கிலோ. அதைச் சுமந்துகொண்டு ஐந்து பேர் ஒரு சின்ன ஊருக்குள் நுழைகிறார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்கிறார் கட்டுரையாளர். 1324-ல் மாலிப் பேரரசின் மன்சா மூசா கெய்ரோ வழியாக மெக்காவுக்குப் போனபோது வாரி இறைத்த தங்கத்தால், அந்த நகரில் தங்கத்தின் மதிப்பு விழுந்து வருஷக்கணக்கில் எழவில்லை என்பது வரலாறு. கெய்ரோவுக்கே அந்த கதி.

வரியில் நாடகம் இல்லை என்கிறாரே, எங்கள் மேஜையில் நடந்ததைச் சொல்கிறேன். குழு ஒன்று இப்படித்தான் புதையலோடு ஆற்றங்கரை ஊர் ஒன்றின் வாசலுக்கு வந்தது. அங்கே நான் ராட்சதனையும் நிறுத்தவில்லை, பொறியும் வைக்கவில்லை. ஒரு கிழட்டுச் சுங்கக் கணக்கரை, ஒரு பேரேட்டோடு உட்காரவைத்தேன். உள்ளே வரும் காசில் பத்தில் ஒன்று ஊருக்கு.

"மூட்டையில என்னங்க ஐயா?"

"மாவு," என்றான் எங்கள் திருடன்.

"மாவு சத்தம் போடுதுங்களே."

போர்வீரன் வாளைத் தொட்டான். கணக்கர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அதுக்குத் தனிக் கட்டணம் இருக்குங்க," என்றார். பூசாரியாக ஆடியவர் பாய்ந்து வந்து இது கோயில் சொத்து, சுங்கம் கிடையாது என்றார். எந்தக் கோயில், முத்திரை எங்கே என்று கேட்டதும் பையைத் துழாவத் தொடங்கினார். இரண்டு பேர் ஓரமாகப் போய், பிளாட்டினத்தை மட்டும் எந்தப் பூட்ஸில் ஒளிக்கலாம் என்று குசுகுசுத்தார்கள். ஒரு மணி நேரம் ஓடிற்று. யாரும் செல்போனைத் தொடவில்லை. கடைசியில் பொறுமையிழந்த திருடன், "இவ்வளவு வசூல் பண்ணி என்னதான்யா பண்றீங்க?" என்று கத்த, கணக்கர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"மேலாத்துக் கொள்ளைக்காரனுக்கு மாசாமாசம் கொடுக்கிறோமுங்க. இல்லேன்னா ஊரைக் கொளுத்திருவான். போன வருஷம் நூத்துக்கு மூணுதான் வாங்கினோம்."

மேஜையில் சத்தம் அடங்கியது. அந்தக் கேம்பெயின் (தொடர் ஆட்டம்) அதற்குப் பிறகு பல மாதம் அந்த ஆற்றைவிட்டு விலகவில்லை. மேலாற்றுக்காரனைத் தேடிப் போகச் சொல்லி நான் ஒரு வார்த்தை பேசவில்லை, எந்த மன்னனும் வந்து பணி கொடுக்கவில்லை. தங்கள் காசு யாருக்குப் போகிறது என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

இது என் மூளையில் உதித்த புதுமையும் இல்லை. 991-ல் வைக்கிங்குகளைத் திருப்பி அனுப்ப இங்கிலாந்து 10,000 பவுண்டு வெள்ளி கொடுத்தது. 994-ல் 16,000. 1002-ல் 24,000. கொடுக்கக் கொடுக்கத் தொகை ஏறிக்கொண்டே போனது, அத்தனையும் குடிகளின் தலையில் விழுந்தது. வைக்கிங் இருக்கிற இடத்தில் டிராகனை எழுதிக்கொள்ளுங்கள், ஒரு வருஷத்துக்கான கேம்பெயின் தயார். அதே நாட்டில் 1377-க்கும் 1381-க்கும் இடையே மூன்று முறை தலைவரி போட்டார்கள். மூன்றாவது முறை குடிமக்கள் லண்டனுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். வரி வீரகதைக்கு ஒவ்வாத பொருள் என்கிறாரே, ராபின் ஹூட் என்ற பெயரைக் கேள்விப்பட்டதில்லையா? அவ்வளவு தூரம் வேண்டாம். வரி வாங்கும் விதத்தைப் பாண்டியனுக்குச் சொல்ல யானையை வயலுக்குள் இறக்கிய பிசிராந்தையார் புறநானூற்றில் இருக்கிறார். முதலாம் குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று இன்றைக்கும் சொல்கிறோம்.

இனி பெர்ரிப் பழம். 'குட்பெர்ரி' என்ற முதல்நிலை மந்திரம் பத்துப் பழம் தரும், ஒரு பழம் ஒருவருக்கு ஒருநாள் உணவு. "பஞ்சம் முடிந்தது" என்று கைதட்டுகிறார் கட்டுரையாளர். முதல் லெவல் ட்ரூயிட் ஒருவரால் ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் அந்த மந்திரத்தைச் சொல்ல முடியும். இருபது பேருக்குச் சாப்பாடு. பத்தாயிரம் பேர் வாழும் ஊருக்கு, வேறு எந்த மந்திரத்தையும் தொடாமல், தினமும் பழம் மட்டும் வரவழைத்துக்கொண்டிருக்க 500 ட்ரூயிட்டுகள் வேண்டும். காட்டைத் தெய்வமாக நினைக்கிறவர்கள் எதற்காக ஊருக்கு வந்து சமையற்கட்டில் நிற்கப் போகிறார்கள்? நிற்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த 500 பேரை யார் கையில் வைத்திருக்கிறானோ அவன்தான் அந்த ஊருக்கு ராஜா. நாளைக்குப் பழம் இல்லை என்று அவன் சொன்னால் போதும், முற்றுகையே தேவையில்லை. மந்திரம் தட்டுப்பாட்டை ஒழிப்பதில்லை, அதன் சாவியை வேறொருவன் இடுப்பில் செருகிவிடுகிறது.

செத்தவனை எழுப்பும் மந்திரத்துக்கு 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், ஒவ்வொரு முறையும் அது கரைந்துபோகும். அந்த வைரச் சுரங்கம் யாருடையது என்று ஒரு டிஎம் கேட்டுவிட்டால் போதும், அரசியல் தானாகப் பிறக்கும். (இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மந்திரம் வைரத்தின் அளவைக் கேட்பதில்லை, விலையைத்தான் கேட்கிறது. விலைவாசி இரண்டு மடங்கானால் பாதி வைரத்திலேயே பிணம் எழுந்து உட்கார வேண்டும். இதை வைத்து எங்கள் மேஜையில் நடந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.)

தட்டுப்பாட்டையே உலகமாக்கியதும் இதே ஆட்டம்தான். 1991-ல் வந்த 'டார்க் சன்' தொகுப்பில் ஆதஸ் என்றொரு பாலைவன உலகம். உலோகம் அபூர்வம், காசுகூடச் சுட்ட மண்ணில்தான். எலும்பிலும் எரிமலைக் கண்ணாடியிலும் ஆயுதம் செய்கிறார்கள். மந்திரவாதி கட்டுப்பாடில்லாமல் மந்திரம் சொன்னால் சுற்றிலும் உள்ள புல் கருகுகிறது. அங்கே ஒரு சாதாரண இரும்பு வாள் கிடைத்தால் ப்ளேயர் துள்ளிக் குதிப்பார். வழக்கமான உலகில் அதே வாள் 15 பொற்காசு, கடையில் தொங்கும், யாரும் சீண்ட மாட்டார்கள். கேட்டதெல்லாம் இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறவரின் மேஜையில் எந்தப் பொருளுக்காவது யாராவது துள்ளியிருக்கிறார்களா என்று அறிய ஆசை.

இஎம்ஐ கட்டிக் களைத்தவன் பாவம் என்ற வாதத்துக்கு வருவோம், ஏனென்றால் பலர் மனதைத் தொட்டது அதுதான். 1977-ல் மார்க் மில்லர் உருவாக்கிய 'டிராவலர்' என்ற விண்வெளி ஆட்டத்தின் அச்சாணியே தவணைதான். மிகச் சாதாரணமான சரக்குக் கப்பலின் விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். மாதம் அதில் 240-ல் ஒரு பங்கு, அதாவது 1,54,500 கட்ட வேண்டும். 480 மாதம். நாற்பது வருஷம்! எரிபொருள், ஆட்களின் சம்பளம், பராமரிப்பு எல்லாம் அதற்கு மேல். எந்தக் கிரகத்துக்குப் போவது, என்ன சரக்கு ஏற்றுவது, சந்தேகத்துக்குரிய அந்த ஆசாமியின் பெட்டியைக் கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொள்வதா என்று ஒவ்வொரு முடிவையும் அந்தத் தவணை தள்ளிக்கொண்டு போகிறது. டிஎம் கதை சொல்லவே வேண்டியதில்லை, மாதம் பிறந்தால் கதை பிறக்கும். இன்றும் அந்த ஆட்டத்துக்குப் புதுப் பதிப்புகள் வருகின்றன. கடன்பட்டவர்கள் விரும்பி ஆடுகிறார்கள். காரணம் எளிது. நிஜத்தில் வங்கிக்காரனுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வீட்டைத் தூக்கிக்கொண்டு வேறு நட்சத்திரத்துக்கு ஓட முடியாது.

பழிவாங்கும் டிஎம் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் வரி இல்லாவிட்டாலும் பழிவாங்குவார்கள். 1,500 பொற்காசு கொடுத்து வாங்கிய கவசத்தைத் துருப்பிடிக்கவைத்துத் தின்கிற ரஸ்ட் மான்ஸ்டர் என்ற பிராணி ஆரம்ப காலத்திலிருந்தே இந்த ஆட்டத்தில் உண்டு. அது தின்றால் 'சாகசம்', அதே கவசத்துக்குச் சுங்கக்காரன் பத்துக் காசு கேட்டால் 'கொடுமை'. பேச முடிகிற, ஏமாற்ற முடிகிற, லஞ்சம் கொடுக்க முடிகிற ஒரு மனிதனை விலக்கிவிட்டு, பேச்சே எடுபடாத பூச்சியை வரவேற்கும் இந்த நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

அவர் மறைத்த ஒன்றும் இருக்கிறது, அல்லது அவருக்கே தெரியாது. 1978-ன் விதிகளில் போர்வீரன் ஒன்பதாம் லெவலுக்கு வந்து கோட்டை கட்டினால் அவனுக்கு என்ன பரிசு? குடிகளில் தலைக்கு மாதம் 7 வெள்ளி வருமானம், வணிகத்தாலும் சுங்கத்தாலும் வரியாலும். ஆயிரம் குடி இருந்தால் அன்றைய மாற்றுப்படி மாதம் 350 பொன். வாசலில் மாவு மூட்டையை மறைத்தவன் ஒருநாள் வாசலில் பேரேடு வைக்க வேண்டிய இடத்துக்கு வருகிறான். விளைச்சல் பொய்த்த வருஷத்தில் அந்த 7 வெள்ளியைக் கேட்பானா, விடுவானா? விட்டால் கோட்டைக் காவலர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? ஒரு கேரக்டர் நல்லவனா என்று ஷீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து எனக்குத் தெரியாது. இந்த இடத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துத் தெரிந்துகொள்வேன். பணமே இல்லாத ஆட்டத்தில் நல்லவனாக இருக்க ஒரு செலவும் இல்லை, எல்லோரும் தர்மராஜாதான்.

மிச்சமிருப்பது கணக்கு எழுதும் அலுப்பு. பதினைந்தாம் லெவலில் தீப்பந்தத்தை ஒவ்வொன்றாக எண்ணச் சொல்கிற டிஎம்மை நானும் சகித்துக்கொள்ள மாட்டேன். யார் எண்ணச் சொன்னது? ஒரு ப்ளேயர் மொத்தக் குழுவுக்கும் கணக்குப்பிள்ளையாக இருந்தால் போதும். தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் ஐந்தாம் பதிப்பே நாளொன்றுக்கு ஒரே தொகையாக முடித்துவைத்திருக்கிறது: எளிய வாழ்க்கைக்கு 1 பொன், வசதியாக இருக்க 2, செல்வந்தனாக இருக்க 4. சுங்கத்தை ஊர்வாசலில் ஒருமுறை, வரியை அறுவடைக்கு ஒருமுறை கேட்டால் தீர்ந்தது. எல்லாம் சேர்ந்து செஷனுக்கு ஐந்து நிமிடம் ஆகும். அதற்கு நேரமில்லை என்று எழுதுகிறவர், தன் கட்டுரையின் நடுவிலேயே ஒற்றைக் கோப்ளினோடு தன் குழு முக்கால் மணி நேரம் சண்டை போட்டதைப் பெருமையாக விவரித்திருக்கிறாரே, அந்த நேரத்தை யார் கொடுத்தது?